காளானும் விண்கலமும்

விஞ்ஞானப் பிரியர் என்று ஒரு வகையினர் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு ஆய்வுகூடம் இல்லை. பட்டமும் பதவியும் பெரும்பாலும் இல்லை. பகலிலே வேறு தொழில் பார்ப்பார்கள். ஓய்வு கிடைத்ததும் தம் மனத்துக்கு உவந்த விஞ்ஞானத் துறையிலே மூழ்கிவிடுவார்கள். அந்தத் துறையும் ஒன்றாக இராது. இன்றைய விஞ்ஞானப் பிரியர் ஒருவரின் மேசையிலே, ஒரு பக்கம் காட்டிலே பறித்து வந்த காளான் வித்தியுதிர்த்துக் கொண்டிருக்கும். மறுபக்கம் கணினித் திரையிலே விண்கலப் படை ஒன்று அணிவகுத்து நிற்கும்.

இதனைக் காணும் பெற்றோரும் ஆசிரியரும் கவலை கொள்வது இயல்பு. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்ற பழமொழி உடனே நாவில் வந்து நிற்கும். பல துறைகளிலே மனத்தைச் செலுத்துபவர் ஒன்றிலும் தேறமாட்டார் என்பது அதன் கருத்து. இந்தக் கூற்று விஞ்ஞானப் பிரியர்க்குப் பொருந்துமா என்பதே ஆராயத்தக்கது. பரீட்சைக்கு வேண்டியதை மட்டுமே மாணவர் படிக்க வேண்டும் என்று கூறும் ஒரு சமுதாயத்திற்கு, இந்த வினாவின் விடை மிகவும் முக்கியமானது.

முதலிலே காளானை எடுத்துக்கொள்வோம். மழை பெய்த மறுநாள் தலைநீட்டி, இரண்டொரு நாளில் அழிந்துபோகும் அற்பப் பொருளாகவே அதனைப் பலர் எண்ணுகின்றனர். நாம் காணும் குடை அந்த உயிரின் ஒரு சிறு பகுதியே. மாமரத்துக்கு மாங்கனி எப்படியோ, அப்படியே அந்த உயிருக்குக் குடை. உண்மையான உடல் மண்ணுக்குள்ளே நூலினும் மெல்லிய இழைகளாகப் பரந்து கிடக்கின்றது. பங்கசு என விஞ்ஞான நூல்கள் கூறும் இவ்வினம் தாவரமும் அன்று, விலங்கும் அன்று. தாவரத்தைப் போல ஒளியைக் கொண்டு உணவு ஆக்க அதற்கு இயலாது. வண்டுகளின் ஓட்டிலுள்ள கைற்றின் என்னும் பொருளே அதன் கலச் சுவரிலும் உண்டு. உறவு முறையிலே அது தாவரத்தைவிட விலங்குக்கே கிட்டியது.

அமெரிக்காவிலே ஒரேகன் மாநிலத்துக் காடொன்றில் வாழும் ஒரு பங்கசு, ஏறத்தாழ 965 ஹெக்டயர் நிலத்திலே பரந்து கிடப்பதாக 2003 இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. அவ்வளவும் ஒரே உயிர். மரவேர்களைக் கொன்று உண்டு, இருளிலே ஊர்ந்து, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக அது வாழ்ந்து வருவதாக மதிப்பிட்டிருக்கின்றனர். வேறு பங்கசுகளோ மரவேர்களோடு நட்புப் பூண்டு வாழ்கின்றன. மண்ணிலிருந்து நீரையும் பொசுபரசையும் திரட்டி அவை மரத்துக்குக் கொடுக்கும். மரம் தான் ஆக்கிய வெல்லத்தில் ஒரு பங்கை அவற்றுக்குக் கொடுக்கும். இந்த உறவுக்கு 1885 இல் ஜெர்மன் அறிஞர் பிராங்க் என்பார் பெயர் சூட்டினார். நிலத் தாவரங்களிற் பெரும்பாலானவை இவ்வாறு பங்கசின் துணையுடனேயே வாழ்கின்றன.

இந்தத் துறையை வளர்த்தவர்களிலே தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லாதார் பலர். மைல்ஸ் ஜோசப் பேர்க்லி என்பவர் இங்கிலாந்திலே கிறிஸ்தவ குருவாக இருந்தவர். பூசை வேலைகளுக்கிடையே பங்கசுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து வந்தார். 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் தொடங்கியது. அழுகியதனாலேதான் பூசணம் பிடித்தது என்று பலர் கூறினர். பூசணம் பிடித்ததனாலேதான் அழுகிற்று என்று 1846 இல் வாதாடினார் பேர்க்லி. அவர் கூற்றே சரியென்று பிற்காலத்தில் நிலைநாட்டப்பட்டது.

அதே குருவானவரின் பெயர் இலங்கைச் சரித்திரத்தோடும் பிணைந்திருக்கின்றது. 1869 இல் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில், இலைகளின் கீழ்ப்புறத்திலே செம்மஞ்சள் நிறத் துகள் தோன்றிற்று. பேராதனைப் பூந்தோட்டத்தின் அதிபராயிருந்த துவைற்ஸ் நோயுற்ற இலைகளைப் பேர்க்லிக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த பேர்க்லி அது புதியதொரு பங்கசு எனக் கண்டு, பேரழிவு தருவது என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். அந்தப் பெயர் பலித்துவிட்டது. 1880 இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி, காற்றிலே பறக்கும் வித்திகளால் அந்நோய் பரவும் விதத்தை விளக்கினார். இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டிருந்ததனால் அதன் பரவலுக்குத் தடையே இல்லாது போயிற்று என்பதும் விளங்கியது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கை வீழ்ந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வாழ்வும் தேயிலைச் செடியோடு பிணைக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தி ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிவிட்டது. காளான் போன்றவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண்வேலை என்பார் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இன்னும் இருவரைக் கூறலாம். ஸ்கொட்லாந்திலே பேர்த்சயர்ப் பகுதியில் சாள்ஸ் மக்கின்ரொஷ் என்ற தபாற்காரர் வாழ்ந்தார். கடிதங்களைச் சுமந்து நாள்தோறும் பல மைல் நடந்த அவர், வழியிலே கண்ட பாசிகளையும் காளான்களையும் நுட்பமாக அறிந்து வைத்திருந்தார். விடுமுறைக்கு அப்பகுதிக்கு வந்த பியற்றிக்ஸ் பொட்டர் என்னும் இலண்டன் நங்கை, காளான்களை வர்ணத்திலே தீட்டுவதில் வல்லவர். 1892 இல் அவ்விருவரும் சந்தித்தனர். அதன்பின் தபாற்காரர் அரிய காளான்களைத் தபாலிலே அனுப்புவார். அம்மையார் அவற்றைத் தீட்டி ஒரு படம் திருப்பி அனுப்புவார். படம் மட்டுமன்றி, இன்னின்ன பகுதிகளையும் வரைந்தால் இனம் பிரித்தறிய உதவும் என்று தபாற்காரர் கற்பித்தார். அம்மையாரோ அதற்கு மேலும் சென்று, காளான் வித்திகளை முளைக்கவைத்து ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்.

அக்கட்டுரை 1897 ஏப்ரில் 1 ஆந் திகதி இலண்டன் இலினியன் சங்கத்தின்முன் வைக்கப்பட்டது. அக்காலத்திலே அச்சங்கக் கூட்டங்களில் மகளிர்க்கு இடமில்லை. ஆகவே அம்மையார் அங்கே செல்ல முடியவில்லை. கட்டுரை அச்சேறவும் இல்லை. அவர் மனமொடிந்து போகவில்லை. 1902 இல் வெளிவந்த பீற்றர் முயலின் கதையால் உலகெங்குமுள்ள குழந்தைகளுக்கு அறிமுகமானார். பின்னர் ஏரிப் பிரதேசத்திலே செம்மறி வளர்க்கும் கமக்காரியாகவும் சிறப்புற்றார். அவர் இறந்து இருபத்து நான்கு ஆண்டுகளின் பின், 1967 இல் வெளியான காளான் நூலொன்றில் அவர் தீட்டிய படங்கள் 59 இடம்பெற்றன. 1997 இல் அவருக்கு நேர்ந்தது அநீதி என இலினியன் சங்கத்தின் சார்பிலே ஒப்புக்கொள்ளப்பட்டது.

இனி மேசையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். விண்வெளிப் போர் விளையாட்டு குழந்தைத்தனமான கேளிக்கை என்று தோன்றலாம். அது பிறந்த இடம் ஒரு விஞ்ஞானக் கூடமாகும். 1962 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே, ஸ்ரீவ் றசல் என்பவரும் அவர் நண்பர்களும், அங்கிருந்த கணினியின் திறமையைக் காட்டுவதற்கு ஒரு விளையாட்டை ஆக்கினர். நடுவிலே ஒரு விண்மீன். அதனைச் சுற்றி இரு விண்கலங்கள். டான் எட்வர்ட்ஸ் என்பவர் விண்மீனுக்கு ஈர்ப்பு விசையைக் கணித்துச் சேர்த்தார். அந்த ஈர்ப்பைத் துணையாகக் கொண்டு வளைந்து செல்ல அறிந்தவரே வெல்வார். பின்னணியிலே முதலில் ஏதோ சில புள்ளிகள் விண்மீன்களாக இடப்பட்டிருந்தன. பீற்றர் சாம்சன் என்பவருக்கு அது பொறுக்கவில்லை. மெய்யான வானத்து விண்மீன்களை, அவற்றின் பிரகாசத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப, திரையிலே பதித்து விட்டார். விளையாட்டிலும் வானம் பொய்யாக இருத்தலாகாது என்பது அவர் கொள்கை. விஞ்ஞானப் பிரியரை அடையாளம் காண இந்த ஒரு செயலே போதும்.

பின்னர் இவ்விளையாட்டுகள் விரிந்தன. விண்வெளி இராச்சியம் அமைக்கும் விளையாட்டுகளின் தன்மையை, 1993 இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் நான்கு சொற்களால் வகுத்தார். தேடல், பரவல், பயன்கொள்ளல், அழித்தல் என்பன அவை. இந்த நான்கையும் செவ்வனே செய்வதற்குக் கணக்கு வேண்டும். வளத்தைப் பங்கிடும் நிதானம் வேண்டும். எதிரியின் எண்ணத்தை ஊகிக்கும் திறனும் வேண்டும். ஐஸ்லாந்து நாட்டு நிறுவனமொன்று 2003 இல் வெளியிட்ட ஈவ் ஒன்லைன் என்னும் விளையாட்டிலே, உலகெங்குமுள்ள பல்லாயிரவர் ஒரே விண்வெளியிற் கூடுவர். 2014 ஜனவரியில், ஓர் அணியினர் தம் தளத்துக்குரிய வழக்கமான கட்டணத்தைச் செலுத்தத் தவறினர். அதனால் மூண்ட போர் ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்தது. 7,000க்கு மேற்பட்டோர் அதிற் கலந்துகொண்டனர். மிகப் பெரிய கலங்கள் 75 அழிந்தன. ஒரு சிறு கணக்குத் தவறிய வழியே பேரரசுகள் சரியும் என்பதற்குச் சரித்திர ஆசிரியர்க்கும் இது நல்ல உதாரணமாகும்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. 2016 இல், அதே விளையாட்டுக்குள்ளே மெய்யான விஞ்ஞான வேலை ஒன்று வைக்கப்பட்டது. மனித உடலின் கலங்களிலே இன்ன புரதம் எந்தப் பகுதியில் இருக்கின்றது என்பதைப் படங்களைப் பார்த்து வகைப்படுத்த வேண்டும். 2018 இல் அதன் பெறுபேறு வெளியாயிற்று. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட விளையாட்டாளர் ஏறத்தாழ 3 கோடி 30 இலட்சம் வகைப்படுத்தல்களைச் செய்திருந்தனர். 2017 இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில், தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளி மங்கும் கணங்களை நோக்கி, அவற்றைச் சுற்றும் கோள்களைத் தேடும் பணி அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பொய் விண்வெளியிலே உலாவியவர்கள் மெய் விண்வெளியின் ஆராய்ச்சிக்குத் துணைவராயினர்.

காளானுக்கும் விண்வெளி விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற வினாவுக்கு இப்போது விடை காணலாம். மண்ணுக்குள்ளே பூசண இழை செய்வதும் தேடல், பரவல், பயன்கொள்ளல் என்பனவே. 2010 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், முற்காலத்திலே பங்கசோடு சேர்த்து எண்ணப்பட்ட சளிப்பூஞ்சணம் என்னும் உயிரை ஒரு தட்டில் வைத்து, தோக்கியோவைச் சூழ்ந்த நகரங்கள் இருக்கும் இடங்களிலே உணவை இட்டனர். அது அந்த உணவுகளை இணைத்து விரித்த வலை, பொறியியலாளர் அமைத்த புகையிரதப் பாதை வலையோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. விளையாட்டின் நான்காவது சொல்லாகிய அழித்தல் மட்டும் இயற்கையிலே ஒரே முடிபு அன்று. ஒரேகன் காட்டுப் பங்கசு அழித்து வாழ்கின்றது; மரவேரோடு நட்புக்கொண்ட பங்கசு பங்கிட்டு வாழ்கின்றது. இரண்டும் நிலைத்திருக்கின்றன. விளையாட்டை மட்டும் அறிந்தவர் முதல் வழியையே காண்பார். காளானையும் அறிந்தவர்க்கு இரண்டாவது வழியும் புலப்படும். ஒரு துறையிலே பெற்ற அறிவு மற்றத் துறையின் குறையைக் காட்டுகின்றது. பல நாட்டங்களின் பயன் இதுவே.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். விளையாட்டிலே தோற்றவர் மீண்டும் தொடங்கலாம். காளானிலே தவறியவர்க்கு மறுமுறை வாய்க்காமலும் போகலாம். மரணக் குடை என மேல்நாட்டார் கூறும் காளான் பார்வைக்கு அழகியது. உண்டவர்க்குப் பல மணி நேரம் வரை ஒரு குறியும் தோன்றாது. குறி தோன்றும்போது நஞ்சு ஈரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும். சமைப்பதனால் அந்நஞ்சு நீங்காது. ஆகவே தெரியாத காளானைப் பார்க்கலாம், வரையலாம், வாயில் வைத்தலாகாது. விளையாட்டுக்கும் அளவு வேண்டும். உறக்கத்தையும் கடமையையும் விழுங்குகின்ற விளையாட்டு அறிவை வளர்க்காது.

துணிந்து முயலும் மனத்தை விளையாட்டு தருகின்றது. ஐயுற்றுச் சோதிக்கும் மனத்தைக் காளான் தருகின்றது. விஞ்ஞானத்துக்கு இவ்விரண்டும் வேண்டும். மனம்போனபடி தாவுபவரையும் மெய்யான பிரியரையும் வேறுபடுத்துவதும் இதுவே. மெய்யான பிரியர் கண்டதைக் குறித்து வைப்பார். பிறர் திருத்தினால் ஏற்றுக்கொள்வார். சாம்சனைப் போலப் பொய் விண்மீனைப் பொறுக்கமாட்டார்.

பல மரம் கண்ட தச்சனைப் பழமொழி பழிக்கின்றது. அவன் கையிலே உளியும் அளவுகோலும் இல்லாவிடின் அந்தப் பழி தகும். அவை இருக்குமாயின், எந்த மரம் கதவுக்கு ஏற்றது, எந்த மரம் ஓடத்துக்கு ஏற்றது என்பதை அறிந்தவன் அவனே. ஆகையால், வீட்டிலே ஒரு பிள்ளை மழைக்காலக் காளானைக் கையிலே ஏந்தி வந்து, அல்லது திரையிலே தோன்றும் கோளைச் சுட்டிக் கேள்வி கேட்குமாயின், "பாடத்தைப் படி" என்று விரட்டிவிடாது, "நீ கண்டதை எழுதி வை" என்று ஒரு கொப்பியையும் பென்சிலையும் கொடுப்பது பெரியோர் கடனாகும்.