இரண்டரை ஓம்



பொறியியல் முதலாண்டில் ஆய்வகத்தில் எனக்கு நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். 2 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தத் தடை எவ்வளவு? இதுதான் கணக்கு. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்ட வேண்டும். நான் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று போட்டேன். அதைத் தலைகீழாக்கி இரண்டரை ஓம் என்று எழுதினேன்.

"கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்றார் விரிவுரையாளர். வகுப்பு சிரித்தது. படிப்பு முடியும்வரை நான் எந்த வகுப்பிலும் எழுந்து சந்தேகம் கேட்கவில்லை.

சரியான விடை 1.2 ஓம். மின்னியல் எனக்குப் புரிந்திருந்தது. ஆறாம் வகுப்புப் பின்னம்தான் விட்டுப்போயிருந்தது. அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சாதியைக் காரணமாகச் சொல்லிவிட்டால் பிறகு யார் தேடப்போகிறார்கள்?

கணிதம் கற்றுத்தரும் அறிவார்ந்த மென்பொருள்கள் இந்தத் தேடலைச் செய்கின்றன. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980-களிலேயே இதற்கான வேலை தொடங்கிவிட்டது. பின்னக் கூட்டலைப் பொது மடங்கு காண்பது, பின்னத்தை மாற்றி எழுதுவது, கூட்டுவது என்று சிறு திறன்களாகப் பிரித்து, நமக்கு எது கைவந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு விடையிலிருந்தும் கணிக்கும். 2/5 என்று போட்டால், "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய், விடை எப்படி அரையைவிடக் குறைந்தது?" என்பதுபோல் அதைக் கேட்கவைக்கலாம். நூறு முறை தப்புச் செய்தாலும் அங்கே சிரிக்க ஆளில்லை.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. நான்கரை மாதத்தில் மாணவர்கள் கணிதத்தில் தெளிவாக முன்னேறினார்கள். மென்பொருள் கிடைக்காத மாணவர்களில் மிகவும் பின்தங்கியிருந்தவர்கள், அதே காலத்தில் வழக்கமான வகுப்பில் ஏறக்குறைய எதுவும் கற்கவில்லை. பாடம் வகுப்புக்கு ஏற்ப நடந்தது. பிள்ளைகளோ பல வகுப்புகள் பின்னே நின்றார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மையங்களில் கணினியோடு, சிறு குழுக்களுக்குச் சொல்லித்தர மனிதர்களும் இருந்தார்கள். ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக வைத்துவிட்டுக் கணினியைக் காட்டினால் நாம் ஏற்கக் கூடாது.

எனக்கு இன்னொரு அச்சமும் உண்டு. மென்பொருளுக்குச் சாதி தெரியாமல் இருக்கலாம். அது தரும் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பவருக்குத் தெரியும். 'மெல்லக் கற்பவர்' என்ற பெயர் நம் பிள்ளைகள்மேல் புதிய முத்திரையாக விழலாம். அதனால் கல்லூரிகளிடம் மூன்றைக் கேட்போம். முதலாண்டில் எல்லா மாணவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும். குறிப்புகள் தமிழில் வேண்டும். பயிற்சியில் செய்யும் தப்புகள் அக மதிப்பீட்டுக்கோ வேலைவாய்ப்புப் பிரிவுக்கோ போகக் கூடாது.

கல்லூரி தரும்வரை காத்திருக்க வேண்டாம். நம் இரவுப் பாடசாலைகளில் ஒரு பழைய கணினியும், பக்கத்தில் உட்கார ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தால் போதும், தொடங்கலாம். பின்னத்திலிருந்தே தொடங்குங்கள். கல்லூரியில் படிப்பவர்களும் கூச்சப்படாமல் வந்து உட்காருங்கள்.