விஞ்ஞானப் பட்டதாரியும் எழுத்தும்
(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம் திருகோணமலையில் பிறிமா மா ஆலை இருக்கிறது, டோக்கியோ சீமெந்து ஆலை இருக்கிறது. கோதுமையின் ஈரப்பதனை, சீமெந்தின் பலத்தை அளந்தவுடன் ஆய்வுகூடத்தின் வேலை முடிவதில்லை. அளந்ததை வாசித்து இன்னொருவர் முடிவெடுக்க வேண்டும். ஆகவேதான் தொழில் தருவோர் விஞ்ஞானப் பட்டதாரியின் எழுத்தைப் பார்க்கிறார்கள்.

ஓர் உதாரணம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பது நெடுநாள் அறிந்த பிரச்சினை. ஒரு கிணற்று நீர் அறிக்கையில் ‘நைத்திரேற்று 12’ என்று மட்டும் இருந்தால் என்ன விளங்கும்? லீற்றருக்கு 12 மில்லிகிராம் நைத்திரேற்று என்றால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 50 என்ற எல்லைக்கு மிகக் கீழே. அதே 12, நைத்திரேற்றிலுள்ள நைதரசனின் அளவு என்றால், நைத்திரேற்றாக அது 53. எல்லை தாண்டிவிட்டது. அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக்கூடாது. சோதனையில் பிழையில்லை, ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

2003 பெப்ரவரி 1இல் கொலம்பியா விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர். சிறகில் நுரைத்துண்டு மோதியதைப் பற்றிய கவலைக்குரிய தகவல், ஆறுதலான தலைப்பிட்ட ஒரு ஸ்லைடின் அடிவரிகளில் கிடந்தது. தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடுகளைப் பயன்படுத்தும் வழக்கத்தை விசாரணைச் சபை கண்டித்தது.

தங்கைமாரே, முடிவை முதலில் எழுதுங்கள். எண்ணோடு அலகு, மாதிரி எடுத்த இடம், திகதி மூன்றையும் சேருங்கள். அறிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துக் காட்டுங்கள். முகாமையாளருக்கு ஒரு பக்கம் போதும். சக ஆய்வாளருக்குச் செய்முறை முழுவதும் வேண்டும்.

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறும் பிள்ளைகள் எழுதக் கூசுகிறார்கள். பெரிய சொற்களை யாரும் கேட்கவில்லை. சின்ன வசனங்களில் சரியாகச் சொன்னால் போதும். கிணற்றுக்காரருக்கு விளங்கும்படி தமிழில் எழுதுவதும் அதே தொழில்தான்.

அக்காமாரே, நீங்கள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ கொழும்பிலோ இருக்கலாம். ஆளுக்கொரு இறுதியாண்டு மாணவியைப் பொறுப்பெடுங்கள். அவளுடைய வேலை விண்ணப்பத்தையும் ஓர் ஆய்வறிக்கையையும் வாசித்து, சிவப்பு மையால் திருத்தி அனுப்புங்கள். பணம் அனுப்புவதைவிட இதற்குச் செலவு குறைவு. பலன் அவளுக்கு ஆயுள் முழுவதும்.