மனநல நர்சிங் படிப்பு

நர்ஸ் என்றதும் ஊசியும் கட்டுப் போடுவதும்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போகிற மாணவி பழக வேண்டிய முதல் வேலை, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது.

"என் காதில் யாரோ திட்டுகிறார்கள்" என்று ஒருவர் சொல்கிறார். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தட்டிவிடக் கூடாது. "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்துப்பாடவும் கூடாது. "எனக்குக் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கேட்கிறது, பயமாக இருக்கிறது என்று தெரிகிறது" என்று சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் கோபத்தில் கத்தும்போதும் இதை நிதானமாகச் சொல்ல வேண்டுமே, அதுதான் கடினம்.

மருந்திலும் கண் வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கை நடுக்கம் கூடி, வாந்தியும் பேதியும் வந்தால், ரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறியிருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

நோயாளியின் உரிமையும் தெரிந்திருக்க வேண்டும். 2001-இல் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். நெஞ்சை விட்டு அகலாத கொடுமை அது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்துவிட்டது. அதே சட்டம் மனநல நர்ஸ் யார் என்றும் வரையறுத்திருக்கிறது.

இந்த வேலைக்கு எப்படிப் படிப்பது? நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்கில் மனநலமும் ஒரு பாடம். பிறகு இரண்டு வருட எம்.எஸ்சி.யில் அதையே சிறப்புப் பாடமாக எடுக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது, ஆண்களும் சேரலாம்.