இரவிலும் முகம் தெரிய வேண்டும்

(திருவாமாத்தூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் திருவாமாத்தூர், சாட்சிக்குப் பேர்போன ஊர். அபிராமேசுவரர் கோயில் வட்டப்பாறையில் கை வைத்துப் பொய் சொல்லக் கூடாது என்பது இவ்வட்டாரத்தின் பழைய நம்பிக்கை. வட்டப்பாறை மனிதரின் மனச்சாட்சியை நம்பியது. இன்று நாம் சாட்சிக்கு வைக்கும் கண்காணிப்பு கேமரா வெளிச்சத்தை நம்புகிறது. வெளிச்சம் இல்லாத நேரத்தில்தான் நமக்குச் சாட்சி தேவைப்படுகிறது. சிக்கலே அதுதான்.

இன்று நம் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது, திறன் வகுப்பறை இருக்கிறது, கணினிகள் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்குப் பிறகும் கோடை விடுமுறையிலும் வளாகத்தில் ஆள் இருப்பதில்லை. ஆகவே கேமரா வாங்குகிறோம். ஒரு நாள் பூட்டு உடைகிறது. பதிவைப் போட்டுப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் ஓடுகிறது; முகம் இல்லை. உடனே ஊரில் பேச்சு எழும்: "உயரத்தைப் பார்த்தால் அந்தப் பையன் மாதிரி இருக்கிறதே!" மாலையில் மைதானத்துக்கு விளையாட வரும் நம் முன்னாள் மாணவன் மீதே அந்தப் பழி விழலாம். தெளிவில்லாத படம் பயனற்றது மட்டுமல்ல, தீங்கானதும்கூட. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேமராவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தில் ஐயமின்றி அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்பட்டுவரும் வழிகாட்டுதல். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம் கொண்டது. 1920-ஐ 250-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.7 மீட்டர். அதாவது, காட்சியின் அகலம் எட்டு மீட்டருக்குள் இருந்தால்தான் முகம் தேறும். 2.8 மி.மீ. லென்ஸ் மைதானம் முழுவதையும் காட்டும். ஆனால் முகம் தெரிவது சுமார் 3 மீட்டர் வரைதான். 6 மி.மீ. லென்ஸ் குறுகலாகக் காட்டும். சுமார் 8 மீட்டர் வரை முகம் தெரியும். எனவே வளாகம் முழுவதையும் ஒரே கேமராவில் அடக்க முயல வேண்டாம். வாயிற்கதவு, ஆய்வகக் கதவு என்று ஆள் கடந்தே ஆக வேண்டிய இடங்களைக் குறிவையுங்கள்.

அடுத்தது இருள். கடைக்காரர் மெகாபிக்சலைச் சொல்வார். நாம் சென்சாரின் அளவையும் லென்ஸின் எஃப் எண்ணையும் கேட்க வேண்டும். ஒரே அளவுச் சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது. இரவில் 2 அல்லது 4 மெகாபிக்சல், பெரிய சென்சார் என்ற சேர்க்கையே நல்லது. எஃப் எண் குறையக் குறைய ஒளி கூடும், எஃப் 2.0-ஐ விட எஃப் 1.0 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். பரப்பளவு இருமடிக் கணக்கில் மாறும் என்று நாம் வகுப்பில் சொல்வதுதான் இது.

இருட்டில் படம் எடுக்கக் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. 850 நானோமீட்டர் விளக்கு தூரம் எட்டும். ஆனால் மங்கலான சிவப்புப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எட்டும் தூரம் கணிசமாகக் குறையும். கதவருகே 940, திறந்தவெளிக்கு 850 என்று கொள்ளலாம். ஓர் எச்சரிக்கை: அகச்சிவப்பில் படம் கறுப்பு வெள்ளையாகவே வரும். சில கறுப்புத் துணிகள்கூட வெளிறித் தெரியும். சட்டை நிறத்தை வைத்து எவரையும் குற்றம் சாட்டக் கூடாது. நிறம் தேவை என்றால் வாயிலில் ஒரு எல்.இ.டி. விளக்கை எரியவிடுங்கள். பல இடங்களில் விலையுயர்ந்த கேமராவை விட அந்த ஒரு விளக்கு அதிகம் உதவும்.

கேமரா கண்ணில் உறுத்தாமல் இருக்க வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான விருப்பம்தான். பள்ளி சிறைச்சாலை போலத் தோன்றக் கூடாது. கல்லெறிபவருக்குக் குறியாகவும் இருக்கக் கூடாது. நீண்ட குழல் வடிவக் கேமராவை விட, சுவரின் வண்ணத்திலேயே அமைந்த சிறிய உருண்டைக் கேமராவை வராந்தா கூரையின் அடியில் பொருத்தலாம். முழுக் கண்ணாடி மூடியுள்ள டோம் வகையில் தூசி படிந்தால் அகச்சிவப்பு ஒளி உள்ளேயே சிதறிப் படம் வெளுத்துவிடும். உயரம் மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் தலை உச்சிதான் பதிவாகும். கம்பிகளைக் குழாய்க்குள் கொண்டுசெல்லுங்கள். பதிவுக் கருவியைக் கேமரா இருக்கும் அறையில் வைக்காமல், வேறோர் அறையில் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

ஆனால் உறுத்தாமல் இருப்பது வேறு, ஒளிந்திருப்பது வேறு. கேமரா திருடனின் கைக்கு எட்டக் கூடாது. அது இருப்பது பெற்றோருக்கும் மாணவருக்கும் தெரிந்தே இருக்க வேண்டும். வாயிலில் அறிவிப்புப் பலகை வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். கழிப்பறைப் பக்கமோ உடை மாற்றும் இடமோ அண்டை வீட்டு முற்றமோ காட்சியில் ஓரமாகக்கூட வரக் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. பெண்களின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம். பதிவை யார் பார்க்கலாம் என்பதை எழுதி வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். காவல் துறை கேட்டால் எழுத்துவழி ஒப்படையுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், பிரிவு 63-இன்படி சான்றிதழ் தேவை.

வாங்கும்போது மேலும் சில. வெளிப்புறத்துக்கு ஐபி 66 அல்லது 67 தரம் வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் நம் மாவட்டத்தில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டோம்; பதிவுக் கருவியைத் தரையில் வைக்காதீர்கள். மின்தடைக்கு யுபிஎஸ் தேவை. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜிபி, நான்கு கேமராக்களுக்கு 30 நாள் என்றால் ஏறத்தாழ 2.6 டிபி. கோடை விடுமுறையில் நடந்தது ஜூனில்தான் தெரியவரும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். இணையத்தில் இணையும் கேமரா என்றால் மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. பாதுகாப்புச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். கூடவே வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு செய்முறைத் தேர்வு. இரவு எட்டு மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு, பொருத்துபவருக்கு அறிமுகமில்லாத ஒருவரை வாயிலில் வேகமாக நடக்கச் சொல்லுங்கள். நேரலைக் காட்சியை அல்ல, பதிவை நிறுத்திப் பாருங்கள். ஆள் நின்றால் தெளிவாகவும் நடந்தால் கலங்கலாகவும் தெரிந்தால், ஷட்டர் மெதுவாக இயங்குகிறது என்று பொருள், சரிசெய்யச் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து, நாலைந்து பேர் நடுவே அவரைச் சரியாகச் சுட்டிக்காட்ட முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் வேண்டாம். பிறகு மாதம் ஒருமுறை சிலந்தி வலையைத் துடைத்து, முந்தைய இரவின் பதிவைப் பார்த்துவிடுங்கள்.

நாம் வைக்கும் சாட்சி குற்றவாளியைக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, குற்றமற்ற பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும்.