எலியிடம் கற்ற தையல்



தருமபுரிக்காரர்களுக்குக் கரும்பு ஆலையும் தட்டு வெட்டும் மிஷினும் புதிதல்ல. அதில் துண்டான விரலை ஒட்ட முடியுமா? முடியும். 1965-இல் ஜப்பானில் கொமாட்சு, தமாய் என்ற இரு டாக்டர்கள் கட்டைவிரலையே ஒட்டிக் காட்டினார்கள். விரலின் ரத்தக்குழாய் சுமார் 1 மில்லிமீட்டர். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும்.

அதை நோயாளியிடமா பழகுவது? நான் எலியிடம் பழகினேன். அதன் தொடை ரத்தக்குழாயும் ஏறக்குறைய அதே அளவுதான். மயக்க மருந்து கொடுத்து, தைத்து, கிளிப்பை எடுத்தேன். ரத்தம் ஓடவில்லை. பின்சுவரையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்! "இதுவே நோயாளியோட விரலா இருந்தா என்னய்யா பண்ணுவே?" என்றார் ஆசிரியர். அந்த எலியை மயக்கத்திலிருந்து எழுப்புவதில்லை. அப்படியே உயிர் நீக்குவதுதான் முறை. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மாணவர்களே, முதலில் கையுறை ரப்பரில் தையுங்கள். அடுத்து கறிக்கடைக் கோழிக்கால். அதில் நூறு தடவை தப்பு பண்ணலாம், அதற்கென்று ஓர் உயிர் போகாது. ஆனால் ரத்தம் ஓடுவதும் உறைவதும் அதில் தெரியாது. அதற்குத்தான் எலி, அதுவும் நெறிமுறைக் குழு அனுமதியோடு, கை பழகிய பிறகு.

பழைய மாணவர்கள் நாம் சேர்ந்து ஒரு பயிற்சி மைக்ராஸ்கோப் வாங்கித் தரலாமே!