மழைக்கு முன்னே பொறுப்பாளரைக் காட்டுக!

(அட்டன் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ புயல் இந்நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மலைநாட்டில் மண்சரிவே கூற்றுவனாய் வந்தது. நுவரெலியாவுக்குச் செல்லும் பாதைகள் துண்டிக்கப்பட்டன. பாதையற்ற நாளில் லயத்திலே பிரசவ வேதனையுறும் தாய் எங்கே செல்வாள்? நீரிழிவு நோயாளிக்கு மருந்து எவ்வழி வரும்? இதற்கு விடையிறுக்க வேண்டியவர் யார்?

1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியப் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்மீது சுமத்திற்று. பின்னாளில் சில தோட்ட மருத்துவமனைகளை அரசு ஏற்றது. பல நிருவாகத்தின் கையிலேயே தங்கின. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட இடந்தரவில்லை. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தின் தடை நீங்கிற்று. அதிகாரிகளின் தயக்கம் நீங்கவில்லை. கம்பனியைக் கேட்டால் திணைக்களத்தைக் காட்டுகிறது. திணைக்களத்தைக் கேட்டால் கம்பனியைக் காட்டுகிறது!

எச்சரிக்கை மட்டும் போதுமென்பார்க்கு மீரியாபெத்தையே மறுமொழி. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்தது. குடிபெயர மாற்று நிலம் கிடைக்கவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது.

ஆகவே நாம் கோருவன நான்கு.

ஒன்று: தோட்டந்தோறும் அவசர காலப் பொறுப்பாளர் ஒருவரைச் சுகாதார வைத்திய அதிகாரியும் தோட்ட நிருவாகமும் சேர்ந்து எழுத்தில் நியமித்து, அவர் பெயரை மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

இரண்டு: கர்ப்பிணிகள், படுக்கை நோயாளர், நாள்தோறும் மருந்துண்போர் ஆகியோரின் பட்டியல் ஆயத்தமாயிருக்க வேண்டும். அவர்களுக்குரிய இரு வார மருந்து மழைக்கு முன்பே தோட்ட மருந்தகத்தை அடைய வேண்டும்.

மூன்று: வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் வரும். சேற்றில் இறங்கும் தொழிலாளிக்கும் மரக்கறித் தோட்ட விவசாயிக்கும் தடுப்பு மாத்திரையும், பீலித் தண்ணீருக்குக் குளோரினும் முன்கூட்டியே வேண்டும்.

நான்கு: எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் வர வேண்டும். தமிழும் அரச கரும மொழியென்று 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் கூறியது. சட்டப் புத்தகத்திலுள்ள தமிழ் லயத்தின் வாசலுக்கு வரட்டும்.

கோரிக்கையோடு நம் கடமை முடியாது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலிருக்கிறது. “எங்கள் தோட்டத்தின் அவசர காலத் திட்டம் எங்கே?” என்று ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் விண்ணப்பம் போகட்டும். படித்த வழக்கறிஞரும் ஆசிரியரும் வைத்தியரும் அதனை எழுதித் தரட்டும். திட்டம் இருப்பின் அதனைச் சரிபார்ப்போம். இல்லையெனில், இல்லையென்னும் அந்த விடையையே சான்றாக ஏந்தி மன்றம் ஏறுவோம்.

வெள்ளம் வருமுன் அணை கோலுவோம்!