வானத்துத் தூரமும் வாசற்படித் தூரமும்



ஓசூரில் என்னிடம் பூகோளம் பயின்ற மாணவர் ஒருவர் கலிபோர்னியாவில் பணிபுரிகிறார். நோயுற்றிருந்த தாயாரைக் காண ஒரு ஜனவரி மாதம் புறப்பட்டார். "ஒன்பதாம் தேதி இரவு நேர் விமானத்தில் ஏறுகிறேன் அம்மா, பதினேழு மணி நேரந்தான், பத்தாம் தேதி உங்களிடம் இருப்பேன்" என்று தொலைபேசியில் சொன்னார். பத்தாம் தேதி முழுவதும் அந்த அம்மையார் வாசலையே பார்த்தபடி படுத்திருந்தார். மகன் வந்ததோ பதினோராம் தேதி காலையில். விமானம் தாமதிக்கவில்லை, கணக்குத்தான் பிழைத்தது. அக்கணக்கை இன்று நாம் போட்டுப் பார்ப்போம்.

முதலில் தூரம். பெங்களூர் கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையை ஒட்டியும், சான் பிரான்சிஸ்கோ மேற்கு 122 பாகையை ஒட்டியும் உள்ளன. ஏறக்குறைய உலகின் எதிரெதிர்ப் புறங்கள். சுவரில் தொங்கும் படத்தில் இவற்றைக் கோட்டால் இணைத்தால் அது கடல்களைக் குறுக்கே கடந்து செல்லும். ஆனால் பூமி தட்டையன்று. உங்கள் பள்ளியிலுள்ள பூகோள உருண்டையில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். அது வடதுருவத்தின் பக்கமாகச் செல்வதைக் காண்பீர்கள். அதுவே குறுகிய வழி. சுமார் 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில், விமானிகள் அனைவரும் பெண்களாகவே அமைந்த ஏர் இந்தியா விமானம் ஒன்று, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துருவத்தின் மேலாகப் பறந்தே பெங்களூரை அடைந்தது.

அடுத்தது காலம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமெனில் பதினைந்தரை மணி நேரம் போதுமன்றோ? போதாது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்று ஒரு திசையில் துணையாகும். மறு திசையில் தடையாகும். ஆகவே போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாயிருப்பதில்லை.

மூன்றாவது கடிகாரம். குளிர்காலத்தில் நம் கடிகாரம் கலிபோர்னியாவினதைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஒன்பதாம் தேதி இரவு 8.30 மணியுடன் பறக்கும் 17 மணி நேரத்தையும் இந்தப் பதின்மூன்றரையையும் கூட்டுங்கள். பதினோராம் தேதி அதிகாலை 3 மணி! என் மாணவர் விட்டுவிட்ட எண் இதுவே.

இறுதியாகத் தரைவழி. விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில். ஓசூரோ நகருக்குத் தென்கிழக்கே. இடையே முழு நகரமும் கிடக்கிறது. எழுபது எண்பது கிலோமீட்டரைக் கடக்க, நெரிசல் வேளையில் மூன்று மணி நேரமும் ஆகும். அந்நேரத்தில் விமானம் 2,700 கிலோமீட்டர் பறந்துவிடும்! 2008இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் ஒப்பந்தம், 25 ஆண்டுகளுக்கு 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையத்துக்குத் தடை விதிக்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என 2024 ஜூனில் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். தொழிற்சாலைகள் நிறைந்த இவ்வட்டாரம் அதனை ஆவலோடு எதிர்நோக்குகிறது.

மாணவர்களே, தாயும் மகனும் கண்டு மகிழ்ந்தனர். ஆயினும், "நேற்று ஏனப்பா வரவில்லை?" என்பதே அந்த அம்மையாரின் முதற் கேள்வி. தீர்க்கரேகைப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். உங்களுக்காகவும் ஒருநாள் ஒருவர் வாசலில் காத்திருப்பார்.